மீற்றர் காட்டாத புளோரைட்டு: வன்னித் தண்ணீரும் சிறுநீரகமும்

கிணற்றுத் தண்ணீரில் ரி.டி.எஸ். (கரைந்த மொத்தத் திண்மம்) மீற்றரைத் தோய்த்து, 280 என்று எண் வந்ததும் "நல்ல தண்ணி, பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் வன்னியில் பரவலாகிவிட்டது. அந்த மீற்றர் தண்ணீரினூடாக மின்சாரம் எவ்வளவு இலகுவாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதைக் கரைந்த உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது. அவ்வளவுதான். லீற்றருக்கு 280 மில்லிகிராம் உப்புக்குள் 2 மில்லிகிராம் புளோரைட்டு இருந்தாலும் அதற்குத் தெரியாது. நைத்திரேற்று எவ்வளவு, கிருமி உண்டா, களைநாசினி கலந்திருக்கிறதா என்று எதையும் அது சொல்லாது. மீற்றர் பிழையான கருவியல்ல. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியை நாங்கள் கேட்கிறோம்.

புளோரைட்டு பாறையிலிருந்து வருகிறது. இலங்கையின் பழைய பளிங்குருப் பாறைகளில் ஒரு பெரும் பிரிவுக்குப் புவியியலாளர் "வன்னித் தொகுதி" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வவுனியா அதன்மேல்தான் இருக்கிறது. அந்தப் பாறையிலுள்ள பயோரைற்று, ஹோர்ன்பிளென்ட், அபற்றைற்று போன்ற கனிமங்கள் சிதையும்போது புளோரைட்டு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைந்து, ஆவியாதல் கூடி, நீர் பாறை வெடிப்புக்குள் நீண்ட காலம் தங்குகிற இடங்களில் அது செறிகிறது. ஆகவே ஒரே ஒழுங்கையில் ஒரு வளவுக் கிணறு நல்லதாகவும் பக்கத்து வளவுக் குழாய்க்கிணறு கூடாததாகவும் இருக்கலாம். மேற்கே முருங்கன் பக்கம் சுண்ணக்கல் வந்துவிடுகிறது. அங்கே பிரச்சினை பெரும்பாலும் வன்மையும் (கரைந்த கல்சியமும் மக்னீசியமும் கூடுவது) உவரும்.

இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் குடிநீர்த் தரம் (எஸ்.எல்.எஸ். 614, 2013ஆம் ஆண்டுப் பதிப்பு) லீற்றருக்குப் புளோரைட்டு 1.0 மில்லிகிராம், மொத்த வன்மை 250, கரைந்த திண்மம் 500, நைத்திரேற்று 50 என்று எல்லை வகுத்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புளோரைட்டு எல்லை 1.5. வெயிலில் வேலை செய்து நாளுக்கு நாலைந்து லீற்றர் தண்ணீர் குடிக்கும் கமக்காரருக்கு 1.0தான் பொருத்தமான எல்லை. அதே செறிவிலும், நாளுக்கு இரண்டு லீற்றர் குடிப்பவரைவிட அவர் உடம்புக்குள் போகும் அளவு இரண்டு மடங்கு.

செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. அதே கிணற்றில் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களைப் பாருங்கள். நிலைத்த பற்கள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுவரை, கூடிய புளோரைட்டுக் குடித்த பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒத்த வெண்கோடுகளோ பழுப்புக் கறையோ தெரியும். தேய்த்தால் போகாது. ஒரு வகுப்பில் பல பிள்ளைகளுக்கு அப்படி இருந்தால், ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டிய கிணறு எது என்று தெரிந்துவிடும்.

சிறுநீரகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் அறியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உண்டு. நீரிழிவு இல்லை, நீண்டகால இரத்த அழுத்தம் இல்லை, ஆனால் சிறுநீரகம் சுருங்கிக்கொண்டு போகிறது. வடிகட்டும் முடிச்சுகளைவிட அவற்றை அடுத்த நுண்குழாய்களும் இடைத்திசுவும்தான் முதலில் பழுதடைகின்றன. உலக சுகாதார அமைப்பும் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு கட்மியம் என்ற பார உலோகத்தைச் சுட்டியது. 2014இல் களைநாசினியான கிளைபோசேட்டும் வன்னீரும் உலோகங்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கருதுகோள் வந்தது. 2015இல் கிளைபோசேட் தடையானது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தடை தளர்ந்தது. 2017இல் வெளியான இலங்கை ஆய்வொன்று புளோரைட்டு, பார உலோகம், வன்மை ஆகியன சேர்ந்து எலியின் சிறுநீரகத் திசுவை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்த்தது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இதே மாதிரியான நோயை ஆராய்ந்தவர்கள் வெப்பத்தையும் நீரிழப்பையும் முன்னே வைக்கிறார்கள்.

ஒற்றைக் குற்றவாளி இன்னும் அகப்படவில்லை. அதற்காக எல்லாரும் காத்திருக்கவேண்டும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. சந்தேகப் பட்டியலில் உள்ள பலவற்றை இன்றைக்கே, ஒரு குடும்பத்தின் அளவிலேயே குறைக்கலாம்.

முதலாவது, தண்ணீரைச் சரியாக அளவிடுவது. ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்கியிருக்கும்போது ஒரு தடவை, மழை முடிந்து தையில் ஒரு தடவை என்று இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்றை மட்டும் எடுப்பதானால் புரட்டாதி மாதிரியை எடுங்கள். புளோரைட்டுக்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டாம், பிளாஸ்ரிக் போத்தல் போதும். சோடாப் போத்தலாக இருந்தால் மணம் போகக் கழுவி, அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி, காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். குழாய்க்கிணறானால் பத்து நிமிடம் இறைத்துவிட்டபின் பிடியுங்கள். இல்லாவிட்டால் குழாயில் நின்ற தண்ணீரைத்தான் அளப்பீர்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் தொற்று நீக்கிய போத்தல் வேண்டும். அதை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்கவேண்டும். புளோரைட்டு, மொத்த வன்மை, மக்னீசியம், நைத்திரேற்று, பிஎச், மின்கடத்துதிறன், ஈ. கோலி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "தண்ணி செக் பண்ணித் தாங்கோ" என்று மட்டும் கேட்டால் புளோரைட்டு விடுபட்டுப் போகலாம்.

அடுத்தது, எது புளோரைட்டை எடுக்காது என்பது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், வன்மையின் ஒரு பகுதி கேத்திலின் அடியில் வெள்ளைப் படையாக இறங்கும். புளோரைட்டோ தண்ணீர் வற்ற வற்றக் கொஞ்சம் செறியும். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், நல்ல வழிதான், ஆனால் கரைந்ததை அது தொடாது. மண்பானை குளிரவைக்கும். கடையில் விற்கும் மென்னீராக்கி கல்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. சவர்க்காரம் நுரைக்கும், புளோரைட்டு அப்படியே இருக்கும், இரத்த அழுத்தக்காரருக்குச் சோடியம் கூடும். தேயிலை இலையிலேயே புளோரைட்டு உண்டு என்பதால், புளோரைட்டுத் தண்ணீரில் நாளுக்கு ஆறேழு தரம் சாயத்தண்ணி குடிப்பவர் இரண்டையும் சேர்த்து வாங்குகிறார்.

ஆர்.ஓ. நிலையம் பழுதாகும் விதம்

புளோரைட்டை நிச்சயமாக எடுப்பவற்றில் ஊரில் கிடைப்பது ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடுபரவல். 2025இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற, நுண்துளைகள் நிறைந்த உலோக-சேதனச் சட்டகங்கள் போன்ற புதுப் பொருட்கள் புளோரைட்டைப் பிடிக்குமா என்று ஆய்வுகூடங்கள் பார்க்கின்றன. அவை கிராமத்துக்கு வரும்வரை, இருக்கிற நிலையத்தை ஒழுங்காக ஓட்டுவதுதான் வேலை. அங்கேதான் அதிகம் சறுக்குகிறது.

தண்ணீர் மணல் வடி, கரி வடி, 5 மைக்ரோன் உறை வடி என்று கடந்து, உயரமுக்கப் பம்பியால் சவ்வுக்குள் தள்ளப்படுகிறது. சவ்வு பொலிஅமைட்டால் ஆன மெல்லிய படை. குளோரினை அது தாங்காது. கிணற்றுக்குக் குளோரின் போட்ட அடுத்த நாளே நிலையத்தை ஓட்டும்போது, கரி பழையதாக இருந்தால் சவ்வு நிரந்தரமாகப் பழுதாகும். கழுவி மீட்க முடியாது. குளோரின் போட்டால், கரிக்குப் பின்னால் மாதிரி எடுத்து மீதிக் குளோரின் பூச்சியம் என்று கண்டபின் பம்பியைப் போடவேண்டும்.

வன்னீரில் அதைவிட அடிக்கடி வரும் வில்லங்கம் படிவு. சவ்வு தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும்போது, தடுபட்ட பக்கத்தில் கல்சியம் காபனேற்று கல்லாக உறைகிறது. படிவுத்தடுப்பு மருந்து முடிந்துபோய் "அடுத்த கிழமை வாங்குவம்" என்று ஓட்டினால் அந்தக் கிழமையிலேயே சவ்வு அடைபடத் தொடங்கும். ஒரு கொப்பியில் நாளாந்தம் ஐந்து எண் எழுதினால் இதை முன்கூட்டியே பிடிக்கலாம்: உள்ளே போகும் ரி.டி.எஸ்., வெளியே வரும் ரி.டி.எஸ்., நிமிடத்துக்கு எத்தனை லீற்றர், உறை வடிக்கு முன்னும் பின்னும் அமுக்கம். உள்ளே 900, வெளியே 45 என்றால் 95 வீதம் தடுபடுகிறது. மீற்றரின் உண்மையான பயன் இதுதான். அதே கிணறு, அதே அமுக்கம், ஆனால் வெளியே 100ஐத் தாண்டுகிறது என்றால் சவ்வோ அதன் றப்பர் வளையமோ போய்விட்டது. ஓட்டம் பத்துப் பதினைந்து வீதம் குறைந்தவுடன் கழுவவேண்டும், சுண்ணப் படிவுக்கு 2 வீதச் சித்திரிக்கமிலக் கரைசல், பாசிப்படலத்துக்குக் காரக் கரைசல். பாதியாகக் குறையும்வரை விட்டால் கழுவியும் திரும்பாது. உறை வடியின் இரு பக்க அமுக்க வித்தியாசம் ஒரு பாரைத் தொட்டால் மாற்றுங்கள். கழுவித் திரும்பப் போடவேண்டாம்.

கிருமிக்காகப் போடும் புற ஊதாக்கதிர் (யூ.வி.) விளக்கு எரிவது தெரிகிறது என்பதற்காகக் கிருமி சாகிறது என்று கொள்ள முடியாது. ஏறத்தாழ 9,000 மணித்தியாலத்தில், தொடர்ந்து எரிந்தால் ஒரு வருடத்தில், நீலம் தெரியும், கிருமியைக் கொல்லும் கதிர் குறைந்திருக்கும். போட்ட திகதியை விளக்குப் பெட்டியில் எழுதுங்கள். அந்தக் கதிரின் பலன் கானுக்குள் தொடர்வதுமில்லை. வெயிலில் நிற்கும் வெளிறிய கானின் உட்புறம் பச்சை பிடித்திருந்தால், எவ்வளவு சுத்தமான தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. கானைக் கிழமைக்கொரு தரம் குளோரின் கரைசலால் அலசி, நிழலில் வைத்து, கிண்ணம் விட்டு அள்ளாமல் குழாயால் பிடியுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாகம் (துத்தநாகம்) பூசிய வாளியிலோ பித்தளைக் குடத்திலோ நாட்கணக்கில் வைக்கக்கூடாது.

கழிவுத் தண்ணீரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நூறு லீற்றரில் ஐம்பதை நல்ல தண்ணீராக எடுத்தால் மீதி ஐம்பதில் உப்பும் புளோரைட்டும் இரட்டிப்பு. எழுபத்தைந்து எடுத்தால் நாலு மடங்கு: கிணற்றில் 1.5 இருந்த புளோரைட்டு கழிவில் 6ஐ நெருங்கும். அதைக் கிணற்றடிக் கிடங்குக்குள் விட்டால் அது மண்ணுக்குள் இறங்கி அதே கிணற்றுக்கே திரும்பும். மலசலகூடத்துக்கும் தரை கழுவவும் பாவிக்கலாம். மரக்கறித் தோட்டத்துக்குத் தொடர்ந்து விட்டால் மண் உவராகும்.

மழைத்தண்ணீர்

வன்னிக்கு மிகப் பொருத்தமான நீர் ஐப்பசியிலிருந்து மார்கழிவரை கூரையில் விழுகிறது. அதில் புளோரைட்டும் இல்லை, வன்மையும் இல்லை. 50 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,500 லீற்றர். சிந்தல் போக 2,000 கைக்கு வரும். 8,000 லீற்றர் இரும்புவலைச் சீமெந்துத் தாங்கி நிரம்ப 200 மில்லிமீற்றர் போதும், நல்ல கார்த்திகை ஒன்றே அதைத் தரும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால் 320 நாள் வரும். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் எடுத்தால் மாசிக்குள் முடிந்துவிடும்.

வருடத்தின் முதல் இரண்டு மூன்று மழையைத் தாங்கிக்குள் விடவேண்டாம். பின்னரும் ஒவ்வொரு மழையிலும் முதல் 100 லீற்றரை வெளியே விடும் குழாய் வையுங்கள். குரங்கும் பறவையும் கூரையில் விட்டுப்போனவை அதோடு போய்விடும். பீலிக்குச் சாய்வு வேண்டும், இல்லாவிட்டால் இலை அழுகி நுளம்பு பெருகும். தாங்கியின் ஒவ்வொரு வாயிலுக்கும் நுளம்பு வலை, உள்ளே வெளிச்சம் புகாத மூடி. உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரையைச் சுரண்டிக் கழுவவேண்டாம், அந்தத் தூசு மூச்சில் போவது ஆபத்து. 33 வீத வெளிற்றும் தூள் 25 கிராம், 8,000 லீற்றருக்கு லீற்றருக்கொரு மில்லிகிராம் குளோரின் தரும். அரை மணி நேரத்தின் பின் மீதி 0.2க்கும் 0.5க்கும் இடையில் நிற்கவேண்டும்.

தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வெயிலும் வேண்டாத மாத்திரையும் சிறுநீரகத்தை வருத்துகின்றன. பதினொரு மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னுமாக வேலையைப் பிரியுங்கள். இருபது நிமிடத்துக்கொரு தரம் ஒரு கோப்பை தண்ணீர், மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம். இனிப்புச் சோடாவால் தாகம் தீர்ப்பதைக் கைவிடுங்கள். நீரிழந்த எலிகளுக்குப் பிரக்டோஸ் சேர்ந்த பானம் கொடுத்தபோது சிறுநீரகச் சேதம் கூடியதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. உடம்பு உளைவுக்கு டைக்குளோபெனாக், இபுபுரோபென் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் வெயிலில் இறங்குவது, நீரிழந்த சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கும். நாட்டு மருந்தில் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி வகைச் செடிகளை விலக்குங்கள். அவற்றின் அரிஸ்ரோலோக்கிக்கமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் தரும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது.

இந்த நோய் வலிக்காது. கால் வீங்கும்போது காலம் கடந்திருக்கும். சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டி தொடக்கத்தில் சுத்தமாகவே காட்டலாம், ஏனென்றால் பழுது நுண்குழாயில். ஆகவே, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினினைப் பார்க்கும் இரத்தச் சோதனை வேண்டும். எண்ணை அப்படியே வாசிக்காமல் வயதோடும் ஆணா பெண்ணா என்பதோடும் சேர்த்து வடிகட்டல் வீதமாக மாற்றவேண்டும். 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி 45 வயது ஆணுக்குக் கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்றால் வடிகட்டல் வீதம் ஏறத்தாழ 58. அதே வயதுப் பெண்ணுக்கு 1.2இலேயே 57. பல தாள்களில் அந்த 1.2 "வழமை" என்றே கிடக்கும். வடிகட்டல் வீதம் 60க்குக் கீழே வந்தால் மூன்று மாதத்தின் பின் திரும்பப் பாருங்கள். அறுவடை முடித்த அன்றோ காய்ச்சலோடோ இரத்தம் கொடுத்தால் கிரியற்றினின் எண் பொய்யாகக் கூடும்.

நீரிழிவுக்கு வந்த டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சிறுநீரகச் சரிவைக் குறைப்பதை 2020இலும் 2022இலும் வெளியான பெரும் பரீட்சைகள் காட்டின. இரண்டாவதில் 6,609 பேர், வடிகட்டல் வீதம் 20க்கும் 45க்கும் இடைப்பட்டவர்கள் புரதம் கசியாவிட்டாலும் சேர்க்கப்பட்டார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அந்த மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டுபவை. வயலில் வியர்த்துக் கொட்டுபவர், வாந்தி வயிற்றோட்டக்காரர், விரதம் இருப்பவர் அந்த நாட்களில் நிறுத்தவேண்டி வரலாம். அதைக் கிளினிக் வைத்தியரிடம் முதலிலேயே கேட்டுவையுங்கள். பழைய இரத்தச் சோதனைத் தாள்களை எறியாமல் திகதி ஒழுங்கில் கட்டிக் கொண்டுபோங்கள். இன்றைய எண்ணைவிட, இரண்டு வருடத்தில் வடிகட்டல் வீதம் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்தே வைத்தியர் அடுத்த முடிவை எடுப்பார்.