“கேம் ஓட மாட்டேங்குது, ஃபார்மட் பண்ணிடுங்க”

லேப்டாப் சர்வீஸ் கடையில் கோடை விடுமுறை முழுக்க என் காதில் விழும் வசனம் இது. போன மே மாதம் ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்த மகளோடு வந்து அதையே சொன்னார். “என்ன கேம்மா?” என்று கேட்டேன். “சிம்ஸ் 4 அண்ணா. அப்டேட் ஆனதுல இருந்து என் குடும்பமே மொட்டையா நிக்குது” என்றாள் மகள். அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஆட்களை உருவாக்கி, வீடு கட்டி, கல்யாணம் செய்து, பிள்ளை வளர்க்கும் விளையாட்டு அது. 2014இல் வந்தது. 2022 அக்டோபரில் அடிப்படை கேம் இலவசமானது. விளையாடுகிறவர்களில் பலர் கேமோடு வருவதில் திருப்தியாவதில்லை. மற்ற ரசிகர்கள் செய்து வெளியிடும் முடி, உடை, சோபா, புதுப்புது வேலைகள் எல்லாவற்றையும் இறக்கிச் சேர்ப்பார்கள். இவைதான் மாட்கள்.

மொட்டைக்குக் காரணம் சின்னது. பேட்ச், அதாவது கேமின் அப்டேட், வந்தால் கேமே மாட்களை அணைத்துவிடும். கேம் ஆப்ஷன்ஸில் ‘அதர்’ பகுதிக்குப் போய், கஸ்டம் கன்டென்ட்டுக்கும் ஸ்கிரிப்ட் மாட்டுக்கும் உள்ள கட்டங்களை டிக் செய்து, கேமை மூடித் திறந்தேன். முடி வந்துவிட்டது. நல்ல வேளை, மொட்டையாக இருந்தபோது அவள் சேவ் செய்யவில்லை. செய்திருந்தால் மாட்டைத் திரும்பப் போட்டாலும் ஒவ்வோர் ஆளுக்கும் முடியையும் சட்டையையும் மறுபடி தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

ஒரு மாட் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. டாக்குமெண்ட்ஸுக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் மாட்ஸ் ஃபோல்டர். திறந்தால், பாப்பா நூலகம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறாள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. முடி, உடை போன்ற ‘பேக்கேஜ்’ ஃபைல்கள் அப்படி ஆழத்தில் இருந்தாலும் கேம் படித்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் மாட்களின், ‘டிஎஸ்4ஸ்கிரிப்ட்’ என்று முடியும் ஃபைல்களை மட்டும் மாட்ஸுக்குள் ஒரே ஒரு ஃபோல்டர் ஆழம் வரைதான் தேடும். அதற்குக் கீழே போனால் கண்டுகொள்ளாது. ஒழுங்கான பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கஷ்டம். ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே போடுவதும், விண்டோஸ் டாக்குமெண்ட்ஸைத் தன் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவுக்கு இழுத்துக்கொண்டது தெரியாமல் வேறொரு டாக்குமெண்ட்ஸில் போட்டுவிட்டுத் தேடுவதும் அடிக்கடி பார்ப்பவை.

கேம் திறக்கவே இல்லை, அல்லது பாதியில் நிற்கிறது என்றால், முதலில் நீங்கள் சேமித்த ஆட்டங்கள் இருக்கும் ‘சேவ்ஸ்’ ஃபோல்டருக்கு ஒரு காப்பி எடுங்கள். அப்புறம் மாட்ஸ் ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ‘லோக்கல்தம்ப்கேஷ்’ ஃபைலை அழித்து, புது ஆட்டமாகத் திறந்து பாருங்கள். ஓடினால் குற்றவாளி மாட்களுக்குள் இருக்கிறான். பாதியைத் திரும்பப் போடுங்கள். கோளாறு வந்தால் அந்தப் பாதி, வராவிட்டால் மற்றப் பாதி. அதை மறுபடி பாதியாக்குங்கள். 400 ஃபைல் இருந்தாலும் ஒன்பது சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். பேட்ச் வந்த வாரம் என்றால், திரையின் பட்டன்களையும் பேனல்களையும் மாற்றும் மாட்களை முதலில் சந்தேகப்படுவேன். சில நேரம் இரண்டு பாதியும் தனித்தனியே ஒழுங்காக ஓடும், சேர்த்தால்தான் படுக்கும். அப்படியானால் இரண்டு மாட்கள் ஒன்றுக்கொன்று மோதுகின்றன என்று அர்த்தம். பொறுமைதான் வேண்டும், ஃபார்மட் வேண்டாம்.

ஃபார்மட் தேவைப்பட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்த பையன் அதைக் கேட்கவே இல்லை. “எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணா, ஃபேன் மட்டும் சத்தம்” என்றான். பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது: இரண்டு நாளாக அரட்டைக்கு வைத்திருக்கும் அவனுடைய டிஸ்கார்ட் கணக்கிலிருந்து நண்பர்களுக்கு ஏதேதோ லிங்க் போகிறதாம். என்ன இறக்கினாய் என்று துருவினால், காசு கட்டி வாங்க வேண்டிய சிம்ஸ் மாட் இலவசம் என்று ஒரு வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்க். பாஸ்வேர்ட் போட்ட ஜிப், உள்ளே ஓர் எக்ஸி, அதாவது கிளிக் செய்தால் ஓடும் புரோகிராம். மாட் எக்ஸியாக வராது தம்பி. சிம்ஸ் 4 ஸ்டுடியோ மாதிரி கருவிகள்தான் அப்படி வரும். ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போடுவது ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க.

எக்ஸி இல்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருக்க முடியாது. டிஎஸ்4ஸ்கிரிப்ட் என்பது பைத்தான் நிரலைச் சுருட்டி வைத்த ஜிப்தான். கேம் திறந்ததும் அது ஓடும், உங்கள் விண்டோஸ் கணக்குக்கு உள்ள உரிமைகளோடு. 2024 தொடக்கத்தில் பெயர்பெற்ற மாட் தளங்களிலேயே இப்படிப்பட்ட ஃபைல்கள் ஏறிவிட்டன. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் வேலை அவற்றுக்கு. அதைத் தடுக்க ட்விஸ்டட்மெக்ஸி என்ற மாட் படைப்பாளி ‘மாட்கார்ட்’ என்று ஒன்றை வெளியிட்டார். ஸ்கிரிப்ட் மாட் போடுகிறவர்கள் அதையும் போடுங்கள். புதிதாக ஒரு மாட் வெளியானால் நானாக இருந்தால் இரண்டு வாரம் காத்திருப்பேன்.

அந்தப் பையனின் குரோமில் அவன் அப்பாவின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டும் சேமித்திருந்தது. லேப்டாப்பை வைஃபையிலிருந்து துண்டித்துவிட்டு, அப்பாவை வரச்சொல்லி, அவர் போனிலிருந்தே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்திருப்போம். போகவில்லை. அதற்கு அப்புறம்தான் ஃபார்மட்.

“மாட்ஸ் ஃபோல்டரை மட்டும் பென்டிரைவ்ல எடுத்துக் குடுத்துடுங்கண்ணா, மூணு வருஷமா சேர்த்தது” என்றான். சேவ்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மாட்களை எந்தெந்தப் படைப்பாளியின் பக்கத்திலிருந்து இறக்கினான் என்று நினைவுபடுத்தி எழுதச் சொல்லி ஒரு பழைய பில் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் பதினொன்று எழுதினான். மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.