ரத்த வங்கிக்கு சீசியம்-137 கருவி: அனுமதி முதல் திருப்பி ஒப்படைப்பது வரை

அணு உலையில் எரிந்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தபின் மிஞ்சும் அமிலக் கழிவில் சீசியம்-137 என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அதைக் கரைப்பான் கொண்டு பிரித்து, கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் குழாயில் அடைக்கிறது. இந்தப் 'பென்சில்'களை வைத்துத்தான் அணுசக்தித் துறையின் 'பிரிட்' அமைப்பு ரத்தக் கதிரூட்டிகள், அதாவது ரத்தப் பைகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவிகள், தருகிறது. கண்ணாடி என்பது முக்கியம். பழைய கதிர்வீச்சு மூலங்களில் இருந்தது சீசியம் குளோரைடு உப்பு. நீரில் கரையும், தூளாகப் பரவும். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் நால்வர் உயிரைப் பறித்தது அந்தத் தூள்தான்.

ஏற்றப்படும் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்காமல் தடுக்க, பையின் நடுவில் 25 கிரே (உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த மூலையிலும் 15 கிரேக்குக் குறையாமல் கதிர்வீச்சு பட வேண்டும். சிவப்பணு, பிளேட்லெட் பைகளுக்கு இது தேவை. உறைந்த பிளாஸ்மாவுக்கு வேண்டாம். பையில் ஒட்டும் வில்லை நிறம் மாறினால் கதிர் பட்டது தெரியும்; எவ்வளவு பட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சீசியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகும் காலம், சுமார் 30 ஆண்டு. ஆண்டுக்கு 2.3% வீரியம் குறையும். ஒரு பைக்கு இன்று 5 நிமிடக் கதிர்வீச்சு போதும் என்றால், 10 ஆண்டு கழித்து ஏறக்குறைய 6 நிமிடம் 18 விநாடி வேண்டும். நேர அட்டவணையைத் திருத்த மறந்தால் கருவி ஓடும், டோஸ் குறையும், யாருக்கும் தெரியாது.

அனுமதி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம். விண்ணப்பம் 'இ-லோரா' இணையதளத்தில். முதலில் நிறுவனப் பதிவு. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், சர்வே மீட்டர் (சுற்றுப்புறக் கதிர்வீச்சை அளப்பது), பணியாளருக்கு டி.எல்.டி. பேட்ஜ் (அவர்மேல் பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்வது) எல்லாம் தயாராக வேண்டும். மூலத்தை வாங்கத் தனி அனுமதி, வந்து சேர்ந்ததும் தகவல், அதன்பின் இயக்க அனுமதி. அலுவலர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவரை நியமித்து ஒப்புதல் பெறுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பயன்பாடு முடிந்தால் வாரிய அனுமதியோடு, உரிய கவசப் பெட்டியில், மூலத்தை வழங்கியவரிடமே ஒப்படைக்க வேண்டும். கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வாங்குங்கள், செலவையும் சேர்த்து. 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற பழைய கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவியைக் காயலான் கடையில் உடைத்தார்கள், ஒருவர் இறந்தார். பழைய சாமான் பட்டியலில் இந்தக் கருவி ஒருநாளும் ஏறக் கூடாது.