இன்ஸ்பெக்ஷன் அன்னிக்குக் காலைல ஆறு சிஸ்டர், ராத்திரி ரெண்டு

இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு தெரிஞ்சாலே எங்க வார்டு ரெண்டு நாள் முன்னாடியே மாற ஆரம்பிச்சிடும். பெட்ஷீட் புதுசா வரும், எமர்ஜென்சி ட்ரேல தேதி முடிஞ்ச மருந்தை எடுத்துட்டு புதுசு வைப்போம், ரிஜிஸ்டர் எல்லாத்தையும் உக்காந்து முடிப்போம், இதெல்லாம் நல்லதுதான், ஆனா கூடவே இன்னொன்னும் நடக்கும், பக்கத்து வார்டு, ஓபி, லீவுல வீட்டுல இருக்கறவங்கன்னு எல்லாருக்கும் போன் போட்டு அன்னிக்குக் காலைல ஆறு சிஸ்டர் யூனிபார்ம்ல நிப்பாங்க. மத்த நாள்ல அந்த வார்டுல காலை டியூட்டிக்கு மூணு பேர் வந்தாலே பெரிய விஷயம். ஆபீசர் வந்து தலைய எண்ணுவார், சுவத்துல ஒட்டியிருக்கற ரோஸ்டர, அதாவது யாருக்கு எந்த டியூட்டின்னு போட்ட பட்டியலை, பாப்பார், நர்சிங் ஸ்டாஃப் போதுமான அளவு இருக்குன்னு எழுதிட்டு மதியம் கிளம்பிடுவார். அன்னிக்கு ராத்திரி அதே வார்டுல 42 பேஷன்ட், ரெண்டு சிஸ்டர், அதுல ஒருத்தங்க வேலைல சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது.

அப்போ அந்த வார்டுக்கு இன்சார்ஜ் நான்தான். அந்த ஆறு பேருக்கும் போன் போட்டதும் நான்தான். பல வருஷம் கழிச்சு இன்ஸ்பெக்ஷன் டீம்ல நர்சிங் பக்கத்துக்கு ஆளா நானே போக ஆரம்பிச்சப்போ, எங்க போனாலும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் காலைதான். அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு. சின்ன ஊர், தள்ளி இருக்கற ஊர் ஆஸ்பத்திரிகள்ல அரசு கண்காணிப்புன்னு நடக்கறதுல பெரும்பகுதி பேப்பர்ல இருக்கற ஆளைத்தான் எண்ணுது, கட்டில் பக்கத்துல நிக்கற ஆளை எண்ணறதில்ல.

ஒரு ஆஸ்பத்திரில எத்தனை நர்ஸ் இருக்காங்கன்னு கேட்டா நாலு விதமா பதில் சொல்லலாம், நாலுமே உண்மையா இருக்கும். முதல்ல அனுமதிச்ச போஸ்ட் எத்தனை. அதுல ஆள் போட்டது எத்தனை. அதுல இந்த மாசம் ரோஸ்டர்ல பேர் இருக்கறது எத்தனை. கடைசியா, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டுக்குள்ள இருந்தது எத்தனை. மேல போற ரிப்போர்ட்ல முதல் ரெண்டும் இருக்கும், எப்பவாவது மூணாவது இருக்கும், நாலாவதை நான் பாத்த ஃபார்ம் எதுலயும் கேட்டதே இல்ல.

இந்த நாலுக்கும் நடுவுல ஆள் எங்க போறாங்கன்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். ஒருத்தங்க பிரசவ லீவு, அது அவங்க உரிமை, ஆனா அந்த ஆறு மாசமோ அதுக்கு மேலயோ பதிலுக்கு ஆள் தர மாட்டாங்க. ஒருத்தங்க ட்ரெய்னிங். ஒருத்தங்களுக்கு ஸ்டோர் கணக்கும் கம்ப்யூட்டர் என்ட்ரியும் பாக்கற வேலை, ஏன்னா கிளார்க் போஸ்ட் காலி. ஒருத்தங்க கேம்ப் டியூட்டி. அப்புறம் டெபுடேஷன். சின்ன ஊர் ஆஸ்பத்திரிய காலி பண்றதுல இதுக்கு மிஞ்சினது இல்ல. சம்பளம் இங்க, கணக்கு இங்க, ஆள் மட்டும் பெரிய ஆஸ்பத்திரில. அங்க ஆள் இல்லன்னா பேப்பர்ல வரும், மந்திரி கேப்பாங்க, இங்க ஆள் இல்லன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அதனால இங்க இருந்து எடுத்து அங்க வைப்பாங்க. ரிப்போர்ட்ல அந்த போஸ்ட் 'நிரப்பப்பட்டது'ன்னே இருக்கும், அதனால புது ஆளும் கேக்க முடியாது.

இது நம்ம அனுபவம் மட்டும் இல்ல. அமெரிக்கால வயசானவங்கள வச்சுப் பாத்துக்கற நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள்ல ரொம்ப காலம் எத்தனை நர்ஸ் வேலை பாத்தாங்கன்னு அந்த இல்லங்களே ஒரு ஃபார்ம்ல எழுதிக் கொடுக்கும், அதுவும் இன்ஸ்பெக்ஷனை ஒட்டின ரெண்டு வாரக் கணக்கு மட்டும். 2016ல அதை மாத்தி, சம்பளப் பட்டியல்ல இருந்து ஒவ்வொரு நாளும் யார் எத்தனை மணி நேரம் வேலை பாத்தாங்கன்னு அனுப்பணும்னு கட்டாயம் ஆக்கினாங்க. அந்த டேட்டாவை வச்சு 2019ல வந்த ஒரு ஆய்வுல, சனி ஞாயிறுல ஆள் குறையறதும், இன்ஸ்பெக்ஷன் நேரத்துல ஆள் கூடறதும், டீம் போனதும் பழையபடி இறங்கறதும் தெளிவா தெரிஞ்சுது. அதைப் படிச்சப்போ எனக்கு எங்க வார்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. கேள்விய மாத்தாம கேக்கற இடத்தை மட்டும் மாத்தினாங்க, எழுதித் தர்ற ஃபார்ம்ல இருந்து சம்பளக் கணக்குக்கு, அவ்வளவுல உண்மை வெளிய வந்துடுச்சு.

ஆள் குறைஞ்சா என்ன ஆகுதுன்னு கேட்டா நிறைய பேர் நர்ஸுக்கு வேலை அதிகம், பாவம்னு நினைக்கறாங்க. முதல்ல பாதிக்கறது பேஷன்ட். 20 பேரை ஒருத்தர் பாத்தா எந்த வேலையும் நிக்காது, எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுப்போகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய ஆளை ஆறு மணி நேரம் திருப்பி இருக்க மாட்டோம், புண்ணு வரும். டிரிப் போன கை வீங்கறது லேட்டா தெரியும். ஆபரேஷன் பண்ணவருக்கு பல்ஸ் ஏறி, மூச்சு வேகமாகி, பிபி இறங்க ஆரம்பிக்கறதை யாராவது பக்கத்துல நின்னு பாத்தாதான் பிடிக்க முடியும், அந்தக் கொஞ்ச நேரத்துல பிடிச்சா உயிர், விட்டா விட்டதுதான்.

2002ல நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழு அமெரிக்கால பென்சில்வேனியா மாநிலத்துல 168 ஆஸ்பத்திரிகளை எடுத்துப் பாத்தாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷன்ட் கூடக்கூட, ஆபரேஷன் பேஷன்ட்கள் 30 நாளுக்குள்ள இறந்துபோற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. 2014ல ஐரோப்பால 9 நாடுகள்ல பாத்தப்பவும் அதே 7. ஆனா என் மனசுல நிக்கறது 2011ல வந்த இன்னொரு ஆய்வு. ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி, கிட்டத்தட்ட 1.77 லட்சம் ஷிப்ட், ஒவ்வொரு ஷிப்ட்டையும் தனித்தனியா பாத்தாங்க. ஆள் குறைஞ்ச ஒவ்வொரு ஷிப்ட்டும் அந்த பேஷன்ட் இறந்துபோற ஆபத்தை 2 சதவீதம் ஏத்துச்சு. இத்தனைக்கும் அது பொதுவா நல்லா ஆள் வச்சிருந்த ஆஸ்பத்திரி. வருஷ சராசரி அழகா இருந்தாலும் அந்த ஒரு ராத்திரி அந்த ஒரு ஆளுக்கு என்ன நடந்துச்சுங்கறதுதான் கணக்கு.

கண்காணிக்கற அமைப்பு இருந்தும் எப்படி கண்ணுல படாம போகும்னு கேக்கறவங்க இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரி கதைய தெரிஞ்சுக்கணும். பணத்தை மிச்சப்படுத்த அங்க ஆள் குறைச்சாங்க, நர்ஸுங்க பத்தல, அழுக்கான படுக்கையிலயே பேஷன்ட்கள் மணிக்கணக்கா கிடந்தாங்க, சாப்பாடும் தண்ணியும் கைக்கு எட்டாத தூரத்துல இருந்துச்சு. அந்த நிர்வாகத்துக்கு 2008 பிப்ரவரில கூடுதல் சுயாட்சி அந்தஸ்தே கிடைச்சுது, ஏன்னா அதைக் கொடுத்தவங்க பாத்தது நிதிநிலையைத்தான். குடும்பத்தார் விடாம போராடி, வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமைல விசாரணை நடந்து, 2013ல 290 பரிந்துரையோட அறிக்கை வந்துச்சு. மேல அத்தனை அமைப்பு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் இன்னொருத்தர் பாத்துக்குவாங்கன்னு நம்பிட்டு இருந்துச்சு.

அதுக்கு அடுத்த வருஷம் இங்கிலாந்துல, வார்டுல எத்தனை நர்ஸ் வேணும்னு வந்த வழிகாட்டுதல்ல 'ரெட் ஃப்ளாக்'னு ஒரு விஷயம் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். எந்த ஷிப்ட்டா இருந்தாலும் வார்டுல பதிவு பெற்ற நர்ஸ் ரெண்டு பேருக்குக் கீழ போனா அது ரெட் ஃப்ளாக். வலின்னு சொன்னவருக்கு மருந்து கொடுக்க அரை மணி நேரத்துக்கு மேல ஆனா ரெட் ஃப்ளாக். உடனே இன்சார்ஜுக்கு சொல்லணும், எழுதி வைக்கணும். ஏன் ரெண்டு பேருன்னா ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் சரிபாக்கணும், மார்ஃபின் மாதிரி மருந்துக்கும் அப்படித்தான். தனியா இருக்கற சிஸ்டர் யாரோட சேர்ந்து சரிபாப்பாங்க? சின்ன ஊர்ல இன்னொண்ணும் இருக்கு. சீரியஸ் கேஸை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறப்போ ஆம்புலன்ஸ்ல ஒரு நர்ஸ் கூடப் போயாகணும். போக ரெண்டு மணி நேரம், ஒப்படைக்க ஒரு மணி நேரம், திரும்பி வர ரெண்டு மணி நேரம். அந்த அஞ்சு மணி நேரமும் மீதி பேஷன்ட்டுக்கு ஒரே ஒருத்தர், சில சமயம் அடுத்த வார்டு சிஸ்டர் ரெண்டையும் பாப்பாங்க. ரோஸ்டர்ல ரெண்டு பேருன்னுதான் இருக்கும்.

கலிபோர்னியால 1999ல சட்டம் போட்டு 2004ல இருந்து நர்ஸ் பேஷன்ட் விகிதம் நடைமுறைல இருக்கு, ஐசியுல ரெண்டு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ், சாதாரண வார்டுல 2005ல இருந்து அஞ்சு பேருக்கு ஒருத்தர். அதுல எல்லா நேரத்துலயும்னு போட்டிருக்கு, நர்ஸ் சாப்பிடப் போனா அந்த நேரத்துக்கும் மாத்து ஆள் வேணும். இத்தனை வருஷ சர்வீஸ்ல மாத்து ஆள் வந்து நான் சாப்பிடப் போன நாள் ரொம்பக் கம்மி.

பணம் எங்க இருக்குன்னு கேப்பாங்க, எப்பவும் கேப்பாங்க. ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து மாநிலத்துல 2016 ஜூலைல இருந்து பகல்ல நாலு பேருக்கு ஒருத்தர், ராத்திரி ஏழு பேருக்கு ஒருத்தர்னு கொண்டு வந்தாங்க. 2021ல அதை மதிப்பிட்டப்போ, கூடுதல் நர்ஸுக்கு ஆன செலவைவிட, ஆஸ்பத்திரில தங்கற நாள் குறைஞ்சதாலயும் திரும்ப அட்மிட் ஆகறது குறைஞ்சதாலயும் மிச்சமானது ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

சட்டம் போட்டா மட்டும் தள்ளி இருக்கற ஊருக்கு ஆள் வந்துடாது, அதையும் ஒத்துக்கணும். உலகத்துல பாதி ஜனம் கிராமத்துல, ஆனா நர்ஸுங்கள்ல 38 சதவீதம்தான் அங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2010லயே சொல்லிடுச்சு. தங்க இடம், பிள்ளைங்க படிக்க ஸ்கூல், ராத்திரி வர பஸ், ஒப்பந்த வேலை இல்லாம நிரந்தர வேலை, இத்தனை வருஷம் இருந்தா கேக்கற இடத்துக்கு மாறுதல்னு ஒரு உறுதி, அந்தப் பகுதிப் பிள்ளைங்களையே படிக்க வச்சு அங்கயே வேலை, இதெல்லாம் இருந்தா ஆள் நிக்கும். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கற சிஸ்டர் கிட்ட உங்க வார்டுல ஆள் இல்லன்னு எழுதிக் கொடுங்கன்னு கேட்டா எப்படி எழுதுவாங்க?

டீம்ல இருந்தப்போ நான் ரோஸ்டர கேக்கறதை விட்டுட்டேன். நைட் ரிப்போர்ட் புக், நள்ளிரவு பேஷன்ட் எண்ணிக்கை, அட்டெண்டன்ஸ், இந்த மூணையும் ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமைக்கு எடுத்துக் கொடுங்கன்னு கேப்பேன். அப்புறம் பத்து கேஸ்ஷீட் எடுப்பேன். காலை ஆறு மணி பிபி பத்து பேருக்கும் 120/80ன்னு ஒரே மாதிரி இருந்தா அங்க ராத்திரி ஆள் இல்லன்னு அர்த்தம். அந்த சிஸ்டர் மேல நடவடிக்கைன்னு டீம்ல ஒருத்தர் ஆரம்பிப்பார், நான் ஒத்துக்க மாட்டேன், 42 பேருக்கு ஒவ்வொருத்தருக்கும் பல்ஸ், பிபி, டெம்பரேச்சர் பாத்து எழுத அஞ்சு நிமிஷம்னாலும் மூணரை மணி நேரம் ஆகும், ரெண்டு பேர் இருக்கற வார்டுல அந்த நேரம் எங்க இருந்து வரும்னு கேப்பேன்.

உங்க வீட்டுல யாராவது அட்மிட் ஆகியிருந்தா, கோவமா இல்லாம சாதாரணமா, இந்த ஷிப்ட்ல எத்தனை பேஷன்ட், எத்தனை சிஸ்டர்னு கேளுங்க. வேல்ஸ் நாட்டுல 2016 சட்டப்படி, அந்தச் சட்டம் பொருந்தற வார்டுகள்ல எத்தனை நர்ஸ் இருக்கணும்னு பேஷன்ட்டுக்குத் தெரியப்படுத்தறதே நிர்வாகத்தோட கடமை. புகார் கொடுக்கறதா இருந்தா சிஸ்டர் பேரை எழுதாதீங்க. தேதி, வார்டு, ஷிப்ட், பேஷன்ட் எண்ணிக்கை, நர்ஸ் எண்ணிக்கை, கூப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாங்க, இவ்வளவு எழுதுங்க. தகவல் கேக்கற சட்டம் இருக்கற ஊர்னா, போன மூணு மாசத்துல இந்த ஆஸ்பத்திரிக் கணக்குல சம்பளம் வாங்கிட்டு வேற இடத்துல வேலை பாக்கறவங்க எத்தனை பேருன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, அதுக்கு அவங்க எழுத்துல பதில் கொடுத்தாகணும்.