ஹிட்டிங் கோச்சை மாற்றும் முன்

மே மாத நடுவில் ஓர் அணியின் பேட்டிங் படுத்துவிட்டால், அமெரிக்க பேஸ்பாலில் முதலில் உருளும் தலை, பேட்டிங் பயிற்சியாளரான ஹிட்டிங் கோச்சுடையது. ஏன் என்பது எளிதில் புரியக்கூடியதே. அணியில் பேட் பிடிப்பவர்கள் பொதுவாக 13 பேர்; அத்தனை பேரையும் ஒரேயடியாக மாற்ற முடியாது. உச்ச லீகான மேஜர் லீகில் ஒப்பந்தம் போட்டுவிட்டால் பேசிய பணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். சரியாக ஆடாதவரை அனுப்பினாலும் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கும். களத்தில் அணியை நடத்தும் மேனேஜரை மாற்றினால் அணியே ஆட்டம் கண்டுவிடும். கைக்கு எட்டுகிற தூரத்தில் மிச்சம் நிற்பவர் ஹிட்டிங் கோச் ஒருவர்தான்.

நான் பேஸ்பால் அணிகளில் தரவு ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். என் நாளில் பாதிக்கு மேல் பயிற்சிக் கூண்டின் வலைக்குப் பின்னால், கோச்சுகளின் பக்கத்தில்தான் கழிகிறது. இப்படி அனுப்பப்பட்டவர்களைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். கோச்சை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாற்ற வேண்டியவர்களும் உண்டு. ஆனால் முடிவு எடுக்கும் நேரமும் அதற்குச் சொல்லும் காரணமும் பெரும்பாலும் தப்பாக இருக்கின்றன. அதனால் அடிபடுவது இளம் வீரர்கள். அது எனக்குத் தாங்கவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சீசனில் 162 ஆட்டங்கள். மே நடுவில் சுமார் 40 தான் முடிந்திருக்கும். தினமும் ஆடுகிறவர் 160, 170 முறை பேட் பிடிக்க வந்திருப்பார். ஹோம் ரன்களை (பெரும்பாலும் வேலியைத் தாண்டிப் போகும் அடிகளை) விட்டுவிட்டால், களத்துக்குள் அடிக்கப்படும் பந்துகளில் லீக் முழுக்க நூற்றுக்கு 29, 30 தான் ஹிட் ஆகின்றன, அதாவது அடித்தவர் அவுட் ஆகாமல் பேஸை அடைகிறார். மற்றவை ஃபீல்டர்களிடம் போய்விடும். ஒருவருக்கு ஆறு வாரம் இந்த எண் 23ஆக இருந்தால் அவருடைய பேட்டிங் சராசரி (எத்தனை முயற்சிக்கு எத்தனை ஹிட் என்ற கணக்கு) பாதாளத்துக்குப் போய்விடும். அவர் ஸ்விங்கில், அதாவது மட்டையைச் சுழற்றும் விதத்தில், ஒரு குறையும் இல்லாமலேகூட இது நடக்கும். பேட்டிங் சராசரி ஒரு வீரரின் உண்மையான தரத்தைக் காட்டுவதற்கு ஒரு முழு சீசனே போதாது. மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆகும் ஸ்ட்ரைக் அவுட் விகிதமோ சுமார் 60 முறை பேட் பிடித்தாலே ஓரளவு நம்பக்கூடியதாகிவிடும். ஆனால் தொலைக்காட்சித் திரையில் பெரிதாகத் தெரிவது சராசரிதான்.

2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டேட்காஸ்ட் கருவிகள் இருக்கின்றன. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம், கோணம் இரண்டும் உடனே தெரியும். மணிக்கு 95 மைலோ அதற்கு மேலோ வேகத்தில் கிளம்பினால் அது பலமான அடி. ஓர் அணி பலமாக அடித்துக்கொண்டே இருந்தும் ரன் வரவில்லை என்றால் பொறுமையாக இருக்கலாம். பொறுமை இல்லாமல் கோச்சை அனுப்புகிறார்கள். ஜூனில் வெயில் ஏற ஏறப் பந்தும் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும், அதிர்ஷ்டமும் திரும்பும். புதியவருக்குப் பாராட்டு குவியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

சில சமயம் பழம் விழுவதும் இல்லை. 2023 ஜூன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கேட்சைப் பிடிக்க ஓடிய ஆரன் ஜட்ஜ் வேலியில் மோதி, கால் கட்டைவிரலில் காயம்பட்டார். முந்தைய ஆண்டு 62 ஹோம் ரன் அடித்தவர். அவர் இல்லாமல் அவருடைய அணியான நியூயார்க் யாங்கீஸின் பேட்டிங் நொண்டியது. ஜூலையில், ஜட்ஜ் திரும்பும் முன்பே, ஹிட்டிங் கோச் டில்லன் லாசனை நீக்கினார்கள். 1998 முதல், அணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பிலுள்ள ஜெனரல் மேனேஜராக இருக்கும் பிரையன் கேஷ்மன் சீசன் நடுவில் ஒரு கோச்சை மாற்றியது அதுவே முதல் முறை. ஷான் கேசி வந்தார். அணி 82 வெற்றி, 80 தோல்வியோடு, சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றுக்குப் போகாமலேயே சீசனை முடித்தது. அடுத்த ஆண்டு மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடர் வரை போனார்கள். அப்போதும் கோச் புதியவர்தான். ஆனால் அந்த ஆண்டு ஹுவான் சோட்டோ அணிக்கு வந்து 41 ஹோம் ரன் அடித்தார், ஜட்ஜ் 58 அடித்தார். இதில் கோச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடமுள்ள எந்த மென்பொருளாலும் முடியாது.

அப்படியானால் கோச்சால் எதுவும் ஆகாதா? ஆகும். 2014 சீசனுக்குப் பிறகு யாங்கீஸ் அனுப்பிவிட்ட ஹிட்டிங் கோச் கெவின் லாங் நேரே நியூயார்க்கின் இன்னோர் அணியான மெட்ஸுக்குப் போனார். அங்கே டேனியல் மர்ஃபியை பிளேட்டுக்கு (பேட் பிடிப்பவர் அருகே தரையில் இருக்கும் தட்டுக்கு) நெருக்கமாக நிற்கவைத்து, பந்தைத் தனக்கு முன்னாலேயே சந்தித்துத் தூக்கி அடிக்கப் பழக்கினார். 2015 பிளேஆஃபில் மர்ஃபி தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தார். பின்னர் 2019இல் லாங் கோச்சாக இருந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் உலகத் தொடரை வென்றது. 2024 முடிவில் மினசோட்டா நீக்கிய டேவிட் பாப்கின்ஸ், அடுத்த ஆண்டே டொராண்டோவின் ஹிட்டிங் கோச்சாக உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனார். ஓரிடத்தில் ‘இவரால் முடியவில்லை’ என்று அனுப்பப்பட்டவர்கள் இன்னோரிடத்தில் ஜொலிக்கிறார்கள். கோச்சும் வீரர்களும் ஒருவருக்கொருவர் பொருந்துகிறார்களா என்பதே பெரிய கேள்வி.

நடுவில் மாற்றும்போது என்ன உடைகிறது என்பதை, மேஜர் லீகுக்கு வீரர்களைத் தயார்செய்யும் ஒரு மைனர் லீக் அணியில் நேரில் பார்த்தேன். 22 வயதுப் பையன், நல்ல கைகள். வேகப்பந்துக்கு மட்டும் எப்போதும் தாமதம். பந்தை வீசும் பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குலத்தில். 95 மைல் பந்து வந்து சேர 0.4 நொடிதான். அவன் முன்கால் தரையில் ஊன்றுவதற்குள் பந்து பாதிதூரம் வந்துவிடும். கோச் அவனுடைய கைகளைத் தொடவே இல்லை. தரையில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டினார். “மெஷின் பந்தை விடும் சத்தம் கேட்கும் முன்னால் கால் இந்த டேப்பில் இருக்கணும், அவ்வளவுதான்” என்றார். முதல் நாள் பையன் எல்லாப் பந்துக்கும் முந்திக்கொண்டு சுற்றினான். நாலாம் நாள் மட்டைச் சத்தம் மாறியது. வலைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் வித்தியாசம் தெரியும். ஆட்டத்தில் இன்னும் பலன் வரவில்லை. பழக்கம் உடலில் இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

பதினோராம் நாள் அந்தக் கோச்சை அனுப்பிவிட்டார்கள்.

புதியவரும் கெட்டவரில்லை. காலை இன்னும் உயரமாகத் தூக்கினால் பலம் கூடும் என்றார். வேறொருவருக்கு அது சரியாக இருந்திருக்கும். இவனுக்கோ ஒரே வாரத்தில் பழைய தாமதம் திரும்பியது, ஸ்ட்ரைக் அவுட் கூடியது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பந்து வரும்போது ரெண்டு குரல் கேக்குது” என்றான். 0.4 நொடிக்குள் இரண்டு குரலைக் கேட்டுக்கொண்டு யாராலும் அடிக்க முடியாது.

சரி, எப்போது மாற்றலாம்? நான் முதலில் பார்ப்பது ஸ்ட்ரைக் மண்டலத்துக்கு (அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக் ஆகும் பகுதிக்கு) வெளியே போகும் பந்துகளை வீரர்கள் எத்தனை சதவீதம் துரத்துகிறார்கள் என்பதை. லீகில் அது சுமார் 28. வெவ்வேறு பாணியில் ஆடும் ஏழெட்டுப் பேருக்கு இது சேர்ந்தாற்போல் ஏறி, ஒரு சீசன் முழுக்க இறங்காமல் இருந்தால், ஆட்டத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் கோளாறு இருக்கிறது. இன்றைய பிட்சரிடம் எந்தப் பந்துக்குக் காத்திருப்பது, எதை விட்டுவிடுவது என்று திட்டம் போடுவது கோச்சின் வேலை. அந்தத் திட்டம் வீரர்களின் தலைக்குள் போகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கவனிப்பேன். பல வீரர்கள் வெளியில் தனிப் பயிற்சியாளர்களை வைத்திருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஜே.டி. மார்டினஸ் அப்படி வெளியே போய்த் தன் ஸ்விங்கை மாற்றியவர்தான். 2014 மார்ச்சில் ஹூஸ்டன் அவரை விடுவித்தது, அதே ஆண்டு டெட்ராய்ட்டில் வெளுத்து வாங்கினார். ஆனால் ஓர் அணியின் வீரர்கள் இதைத் தங்கள் கோச்சிடமே மறைக்கிறார்கள் என்றால் அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே ஸ்விங்கைப் போதிக்கும் கோச்சுகளிடம் இது அடிக்கடி நடக்கிறது. அப்போது தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் நவம்பரில் மாற்றுங்கள். குளிர்காலத்தில்தான் ஒரு ஸ்விங்கைப் பிரித்துக் கோக்க நேரம் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம்.

நடுவில் மாற்றியே தீரவேண்டும் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய கோச்சையும் புதியவரையும் ஒரு மணி நேரமாவது சேர்ந்து உட்காரவையுங்கள். யாருக்கு எதைத் தொடங்கியிருக்கிறார், எது பாதியில் நிற்கிறது, யாரிடம் எதைச் சொல்லவே கூடாது என்று பழையவருக்குத்தான் தெரியும். அந்தப் பையனுக்கு யாரும் அதைச் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து நான்தான் பழையவருக்குப் போன் போட்டேன். வேலையை விட்டு அனுப்பப்பட்ட மனிதர், கோபம் எதுவும் காட்டாமல், “டேப் இன்னும் தரையில இருக்கா?” என்று கேட்டார். புதிய கோச்சிடம் விவரம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை அவரே குனிந்து புது டேப்பை ஒட்டினார்.