கண்டெயின்மென்ட்: தீயை அணைப்பதா, கட்டுவதா?

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரியும், 2020-ல் தெருமுனையில் தகரம் அடித்து மறித்த கண்டெயின்மென்ட் ஜோனும், அமெரிக்கக் காட்டுத்தீச் செய்திகளில் வரும் ‘60 சதவீதம் கண்டெயின்மென்ட்’டும் ஒரே வேரில் முளைத்தவை. லத்தீனில் ‘கான்’ என்றால் சேர்த்து, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். ‘சேர்த்துப் பிடித்து வைத்தல்’ என்னும் இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் லாரியாகவும் தகரமாகவும் வந்து சேர்ந்தது.

காட்டுத்தீயின் அந்த ‘60 சதவீதம் கண்டெயின்மென்ட்’டை நம் செய்திகளில் ‘60 சதவீதத் தீ அணைக்கப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருளே மாறிவிடுகிறது. எரியும் பரப்பின் சுற்றளவு 10 கிலோமீட்டர் என்று வையுங்கள். அதில் 6 கிலோமீட்டருக்கு, தீ இனித் தாண்டாது என்று நம்பக்கூடிய தடுப்பு அமைந்துவிட்டது என்பதுதான் அந்த 60. உள்ளே மரங்கள் திகுதிகுவென எரிந்துகொண்டிருக்கலாம். தகரத்துக்கு அந்தப் பக்கம் காய்ச்சல் இருந்ததே, அந்த மாதிரி.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது அஞ்செட்டிப் பக்கத்தில். இரவில் மலைச்சரிவில் தீ ஒரு சரம் போல வளைந்து தெரிந்தது. டீக்கடையில் நின்ற தீக்காவலரிடம், “அணைஞ்சிடுச்சாண்ணா?” என்றேன். “எங்க அணையறது? சுத்திக் கட்டிட்டோம். உள்ள இருக்கறது எரிஞ்சு தானா அடங்கணும்” என்றார். கண்டெயின்மென்ட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் சொன்ன ‘கட்டு’ என்பது, சருகையும் புல்லையும் வழித்து வெறும் மண் தெரியும்படி இழுக்கும் பட்டை. வனத்துறைத் தாளில் தீத்தடுப்புக் கோடு, பேச்சில் ஃபயர் லைன். எரிய ஒன்றும் இல்லாத இடத்தில் தீ நின்றுவிடும் என்பதுதான் கணக்கு.

சமதரையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். பிலிகுண்டுலு, ஒகேனக்கல் பக்கம் காவிரி மலையை அறுத்துக்கொண்டு இறங்கும் சரிவுகளில் அப்படி இல்லை. தீ மேட்டில் ஏறும்போது அதன் நாக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் கைக்கணக்கு. ஒடுங்கிய ஓடைப்பள்ளம் அடுப்புப் புகைக்கூண்டு போலக் காற்றை உறிஞ்சி மேலே இழுக்கும். பகலில் காற்று மேல்நோக்கி ஏறும், இரவில் திரும்பி இறங்கும். ஆக, காலையில் பார்த்து இழுத்த கோடு மாலையில் தப்பான பக்கத்தில் கிடக்கும்.

இன்னொன்று, உருளும் கட்டை. பாதி எரிந்த மூங்கில் தூர் ஒன்று பிடி விட்டு, பாறையில் இரண்டு முறை மோதி, பொறி சிதறியபடி கோட்டைத் தாண்டி ஓடைக்குள் விழுந்தால் போதும். கீழே புதுத்தீ பிடிக்கும், அது மேல்நோக்கி ஏறும், நடுவில் ஆட்கள் நிற்பார்கள். புல்டோசர் இறங்காத இடம் அது. புகை அடைத்த பள்ளத்துக்குள் ஹெலிகாப்டரும் நுழையத் தயங்கும். 1949-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற ஓடைப்பள்ளத்தில் 13 பேர் இறந்தது, கீழிருந்து ஏறிய தீயை ஓடி முந்த முடியாமல்தான். 2025 ஜூலையில் அங்கேயே கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் வடவிளிம்பில் மின்னல் மூட்டிய தீயை முதலில் ‘கட்டி வைக்கும்’ முறையில்தான் கையாண்டார்கள். சில நாளில் காற்று எழும்பியது. பழம்பெரும் விடுதி சாம்பலானது.

(கேன்யன் ஸ்பானியச் சொல். நாணல், குழாய் என்று பொருள்படும் ‘கான்யா’விலிருந்து வந்தது என்பார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அஞ்செட்டியில் ஓடும் தொட்டல்லா கன்னடத்தில் ‘தொட்ட ஹள்ளா’, பெரிய ஓடை. அந்த ஹள்ளா நம் பள்ளம்தான். தமிழ் ‘ப’ கன்னடத்தில் ‘ஹ’ ஆகும். நம் புகை அங்கே ஹொகெ என்று இருப்பதும் அப்படித்தான், ஒகேனக்கல் என்றால் புகைக்கல்.)

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கட்டுப்பாடு என்றால் விதிமுறை நினைவுக்கு வருகிறது. ‘தீ கட்டுக்குள் வந்தது’ என்று பத்திரிகைகளே எழுதுகின்றன, அதில் சரியான சொல் இருக்கிறது. ஆனால் தேய்ந்துபோய், அணைந்துவிட்டது என்றுதான் நம் காதில் விழுகிறது. அணை என்பதும் வேடிக்கையான சொல். நீரைத் தேக்கினாலும் அணை, குழந்தையைத் தழுவினாலும் அணை, விளக்கை நிறுத்தினாலும் அணை. அதனாலேயே இங்கே குழப்பும். ‘தீக்கட்டு’ என்பது என் தேர்வு. திக்குக்கட்டு, வாய்க்கட்டு என்று மந்திரக்காரர்கள் சொல்வதும் சுற்றி வளைத்து அடக்குவதைத்தானே.

ஆங்கிலத்தில் தீ கட்டப்படுவது, அடங்குவது, அணைவது மூன்றும் தனித்தனி நிலைகள். ஆகவே அந்தச் செய்தி வரி இப்படி இருக்கலாம்: ‘தீயின் சுற்றளவில் 60 சதவீதம் கட்டப்பட்டுள்ளது, உள்ளே இன்னும் எரிகிறது.’