கேன்சர் இல்லை என்றால் அவசரமும் இல்லையா?

"கேன்சர் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க டாக்டர். வைகாசியில பொண்ணு கல்யாணம், அது முடியட்டும்." இதயத்துக்குள் இருக்கும் கட்டியை உடனே ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டும் என்றதற்கு இப்படிச் சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார் ஒருவர். பதினோராம் நாள் அந்த அம்மா ஸ்ட்ரெச்சரில் வந்தார். வலது கை விழுந்திருந்தது, பேச்சும் இல்லை.

46 வயது. ஒன்றரை வருடமாக வீசிங் என்று இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருந்தவர். நார்மல் என்று வந்த ஈ.சி.ஜி.யைப் பத்திரமாக ஃபைலில் வைத்திருந்தார். இந்தக் கட்டிக்கு ஈ.சி.ஜி. நார்மலாகவே இருக்கலாம், அதை நம்பி உட்காராதீர்கள். எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுக்கும் கருவியை நெஞ்சில் வைத்ததுமே தெரிந்துவிட்டது: இதயத்தின் இடது மேலறையில் எலுமிச்சம்பழ அளவு உருண்டை, நடுச்சுவரில் காம்பு. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு திறக்கும்போதெல்லாம் கீழறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மேலே போனது. மிக்சோமா என்ற, கேன்சர் இல்லாத இதயக் கட்டி.

எனக்கு எரிச்சல் வருவது இந்த 'கேன்சர் இல்லையே' பேச்சில்தான். சாதுவான கட்டி என்று நாங்கள் சொல்வது அதன் திசுவை வைத்து. அது உட்கார்ந்திருக்கும் இடம் சாதுவானதல்ல. முதுகில் கொழுப்புக்கட்டி இருபது வருடம் இருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இது ஜெல்லி மாதிரி கொழகொழவென்று ரத்த ஓட்டத்துக்கு நடுவே ஆடுகிறது. ஒரு துணுக்கு பிய்ந்தால் மூளைக்குப் போகும். முழுதாக வால்வில் சிக்கினால் மயக்கம், சில சமயம் அங்கேயே உயிர் போகும். இதற்கெல்லாம் கேன்சராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

ஒரு காலத்தில் இதைப் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் கண்டுபிடித்தார்கள். 1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு என்ற சர்ஜன்தான் முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். இன்று எக்கோவில் நிமிடத்தில் தெரிகிறது, நாம் முகூர்த்தம் பார்க்கிறோம்!

இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டெத்தில் இது மைட்ரல் ஸ்டெனோசிஸ் (வால்வு சுருக்கம்) மாதிரியே ஏமாற்றும். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொல்லிக் கேளுங்கள், சத்தம் மாறலாம். ரத்தக்கட்டியா என்று சந்தேகம் வந்தால் தொண்டை வழி எக்கோ பாருங்கள்.

மற்றவர்களுக்கு: குனிந்தால், ஒரு பக்கம் புரண்டால் மூச்சு முட்டுகிறதா? காரணம் தெரியாத காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்திருக்கிறதா? எக்கோ எடுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, அரை மணி நேர வேலை. கட்டி என்று சொன்னால் அன்றே அட்மிட் ஆகுங்கள், தயவுசெய்து.

அப்புறம், ஆபரேஷன் முடிந்தவர்களும் சொன்ன தேதியில் எக்கோவுக்கு வாருங்கள். அபூர்வமாகத் திரும்ப வளரும். "நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்" என்று போனில் சொல்லாதீர்கள்; போனில் எனக்கு எக்கோ பார்க்கத் தெரியாது.