வாங்கும் கை வேறு, வாரிசு வேறு

“அண்ணன் என் பேரைத்தான் பேங்க்ல நாமினியா போட்டிருக்கார். அப்ப பணம் எனக்குத்தானே சார்?”

கேட்டவரிடம் கள்ளம் இல்லை. அப்படித்தான் நம்பியிருந்தார். அண்ணன் கல்யாணத்துக்கு முன் போட்ட டெபாசிட், 9 லட்சம் ரூபாய். பிறகு மனைவி வந்தார், மகள் பிறந்தாள். டெபாசிட்டைப் புதுப்பித்துக்கொண்டே வந்தவர் நாமினியை மாற்றவில்லை. உயிலும் எழுதாமல் இறந்துபோனார்.

வங்கி தம்பியிடம் பணம் கொடுத்தது சரிதான். நாமினியிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் நாமினி, வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. காப்பீட்டுத் தொகை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே இதைச் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் அதுவேதான் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-இல் சட்டம் திருந்தியது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சேரும்.

அப்படியானால் அந்த 9 லட்சம் யாருக்கு? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், அம்மா மூவருக்கும் ஆளுக்கு 3 லட்சம்.

“அம்மாவுக்குமா?” என்றார்.

என்னிடம் வரும் குடும்பங்கள் அதிகம் மறப்பது இறந்தவரின் தாயைத்தான். மனைவி, பிள்ளைகளுக்கு இணையான முதல் வகுப்பு வாரிசு அவர். அப்பா அந்த வகுப்பில் இல்லை என்பது இன்னும் பலருக்கு அதிர்ச்சி. அம்மாவைக் கேட்காமல் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டை விற்றுவிடுகிறார்கள். பின்னர் அந்த அம்மா உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கு மற்ற மகன்கள், மகள்களுக்கும் போகும். வாங்கியவர் வீட்டு வாசலில் வழக்கு வந்து நிற்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் முன், சொத்துக்கு உரியவர் இறந்த அன்று அவருடைய தாய் உயிரோடு இருந்தாரா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

அந்த அண்ணன் ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதியிருந்தாலே போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பலரும் தம்மைவிட மூத்த நண்பர்களைச் சாட்சியாகப் போடுகிறார்கள். உயிலை நிரூபிக்கும் நாளில் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்துக்கு வர வேண்டும். இருவருமே போய்விட்டால் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடி அலைய வேண்டும். வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாகப் பாருங்கள்.

இன்னொன்று. இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுக்காதீர்கள், காரியச் செலவுக்காக இருந்தாலும். மற்ற வாரிசுகள் பிறகு அதையே பிடித்துக்கொள்வார்கள்.

அந்தத் தம்பி அடுத்த வாரம் அண்ணியையும் அம்மாவையும் அழைத்துவந்தார். அம்மா தன் 3 லட்சத்தைப் பேத்தி பெயரில் போடச் சொன்னார். அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.